கதவு திறந்து கிடந்ததாம்

மெக்கானிக் சமையலறைக்குள் வந்து திருதிருவென்று விழித்தார். ஃபிரிட்ஜ் குளிரவில்லை, உடனே வா என்று காலையிலேயே கூப்பிட்டிருந்தார்கள். வந்து பார்த்தால் ஃபிரிட்ஜையே காணோம். தரையிலிருந்து கூரைவரை ஒரே நிறத்தில் மரப்பலகைகள், ஒரு கைப்பிடிகூடக் கிடையாது. வீட்டுக்காரம்மா பின்னால் நின்று அவர் விழிப்பதை நன்றாக ரசித்துவிட்டு, கடைசியில் ஒரு பலகையை விரல் நுனியால் தொட்டுக் காட்டினார்.

"இதுதான். யாருக்குமே கண்டுபிடிக்கத் தெரியாது."

சாப்பாட்டை வைக்கிற பெட்டி. அதை எதற்கம்மா இப்படி ஒளித்து வைக்க வேண்டும், திருடிக்கொண்டா வந்தீர்கள் என்ற கேள்வி மெக்கானிக்கின் தொண்டைவரை வந்தது. வழக்கம்போல விழுங்கிக்கொண்டார். பன்னிரண்டு வருடமாக இந்த மாதிரி வீடுகளில்தான் அவருக்குப் பிழைப்பு. சுவருக்குள் பதித்த விலையுயர்ந்த ஃபிரிட்ஜ் என்றால் கம்பெனி அவரைத்தான் அனுப்பும். சதா உர்ரென்று இருப்பதால் கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு 'கம்ப்ரசர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். உள்ளே முனகுவாரே தவிர, வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்க மாட்டார்.

பெட்டியைத் தொடுவதற்கு முன்பே வீட்டுக்காரர் வந்து கதையை ஆரம்பித்துவிட்டார். நேற்று மாலை விருந்தாம். இருபது பேராம். எல்லோரும் பெரிய இடமாம். மீன் தட்டைக் கொண்டுவந்து வைத்ததும் ஒருவர் கைக்குட்டையை எடுத்து மூக்கை மூடிக்கொண்டாராம். கேக் கூழாகிவிட்டதாம். மானம் போனதைச் சொல்லும்போது அவர் முகத்தில் தெரிந்த துக்கத்தைப் பார்த்தால், யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்றுதான் நினைக்கத் தோன்றும்.

"காரணத்தை நானே கண்டுபிடிச்சுட்டேன்ப்பா," என்றார், பாத்திரம் கழுவும் தொட்டி ஓரம் நின்றிருந்த சமையல்காரம்மாவை முகவாயால் காட்டி. "இது கதவைத் திறந்து போட்டுட்டுப் போயிடுது. நீ அதை மட்டும் எழுதிக் கொடுத்துடு. ஏஜென்சிக்கு அனுப்பணும்."

பக்கத்தில் நிற்கிற மனுஷியை 'இது' என்கிறார். பாத்திரத்தைத்தான் நாம் அப்படிச் சொல்வோம்.

சமையல்காரம்மாவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி நின்றிருந்தார். அவரை இந்த வீட்டுக்கு அனுப்பியது ஒரு வேலையாள் ஏஜென்சி. அங்கே ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்காரர்களிடமிருந்து ஒருவர் மேல் இரண்டு புகார்க் கடிதம் வந்தால் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள், பிறகு எந்த வீட்டிலும் வேலை கிடைக்காது. சமையல்காரம்மா பேரில் ஏற்கெனவே ஒரு கடிதம் இருந்தது. இன்றைக்கு மெக்கானிக் எழுதப்போகும் ஒரு வரிதான் இரண்டாவது. அது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும், மெக்கானிக்கைத் தவிர.

கடிதத்தைப் பற்றித் தெரியாவிட்டாலும், அந்த வரி மெக்கானிக்குக்கு நன்றாகவே பழக்கம். அவர் கம்பெனிச் சீட்டில் 'பழுதின் காரணம்' என்று ஒரு இடம் இருக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே மேனேஜர் அவருக்கு அதைப் பாடமாகச் சொல்லிக் கொடுத்திருந்தார். "வீட்டுக்காரங்க தப்புன்னு எப்பவும் எழுதிடாதே. கோவிச்சுக்கிட்டு வருஷ ஒப்பந்தத்தை ரத்து பண்ணிடுவாங்க. கதவு திறந்து கிடந்ததுன்னு எழுது. அதுக்குன்னு ஒவ்வொரு வீட்லயும் ஒரு ஆள் இருக்கும்."

என்ன அருமையான பாடம்! வீட்டுக்காரருக்கும் திருப்தி, கம்பெனிக்கும் ஒப்பந்தம். மெக்கானிக் இதுவரை ஒரு இருநூறு தடவையாவது அப்படி எழுதியிருப்பார். எழுதிக் கொடுத்துவிட்டுக் கருவிப்பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். அதற்கப்புறம் அந்த வீட்டில் என்ன நடந்தது என்று ஒருநாளும் யோசித்தது கிடையாது. அது அவர் வேலையில்லையாம்.

வேலையை ஆரம்பித்தார். ஒரு டம்ளர் தண்ணீரில் வெப்பமானியைப் போட்டு நடுத்தட்டில் வைத்தார். நாலு ஐந்து டிகிரி காட்ட வேண்டிய இடத்தில் பதினேழு காட்டியது. கதவின் ரப்பரில் ஒரு காகிதத்தைச் செருகி இழுத்துப் பார்த்தார், ரப்பர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. கதவைப் பாதி திறந்து கையை எடுத்தார், அது தானாகவே மெல்லப் போய் மூடிக்கொண்டது. பிடித்துத் திறந்தபடியே நிறுத்திப் பார்த்தார். ஒரு நிமிடத்தில் அலாரம் வீல் வீலென்று கத்த ஆரம்பித்தது. கதவில் ஒரு குறையும் இல்லை. அதைத் திறந்து போட்டுவிட்டு ஒருவர் நகரக்கூட முடியாது.

ஏணியைக் கேட்டு மேலே ஏறினார். இந்த மாதிரிப் பெட்டிகளுக்குச் சூடெல்லாம் உச்சியில் இருக்கும் கம்பி ஜன்னல் வழியாகத்தான் வெளியே போகும். அந்த ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் மரப்பலகை வைத்து வழவழவென்று மூடியிருந்தார்கள். உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பலகை கொதித்தது.

இதை யார் மூடியது என்று கேட்டதற்கு, வீட்டுக்காரம்மா பெருமை தாங்காமல் சொன்னார். அந்தக் கம்பி பார்க்க அசிங்கமாக இருந்ததாம். தச்சரை வரவழைத்து அவரேதான் மூடச் சொன்னாராம். அதற்கப்புறம் இந்தச் சமையலறையின் படம் ஒரு பத்திரிகையில்கூட வந்ததாம். சொல்லிவிட்டு அந்தப் பத்திரிகையை எடுத்துவரப் போனார். வீட்டுக்காரர் யாருடனோ போனில் பேசியபடி மாடிக்குப் போய்விட்டார்.

மூச்சுவிடும் வழியைப் பலகை வைத்து அடைத்துவிட்டு, படம் பிடித்துப் பத்திரிகையில் போட்டுக்கொள்கிற ஜன்மங்களை என்ன சொல்வது?

மெக்கானிக் பலகையைக் கழற்றினார். உள்ளே சூடு தணிக்கும் கம்பிச்சுருள் முழுக்கத் தூசி படிந்து, கம்பளி போர்த்தின மாதிரி இருந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பிரஷ்ஷால் தட்டி, தூசி உறிஞ்சும் மிஷினால் இழுத்துவிட்டால் போதும், அரை மணி நேர வேலை. மூன்று வருடமாக ஒருத்தரும் தொடவில்லை. எப்படிப் பராமரிக்க வேண்டும் என்று சொல்கிற கையேடு, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் பக்கத்து அலமாரியில் கிடந்தது.

சமையல்காரம்மா வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

"நாலு மாசமா சொன்னேன் அண்ணே. மேல அனலா அடிக்குது, மோட்டார் நிக்காம ஓடுதுன்னு. நான் ஏறித் துடைக்கட்டுமான்னுகூடக் கேட்டேன். அதோட விலை தெரியுமா உனக்கு, கையை வைக்காதேன்னாங்க."

மெக்கானிக் ம் என்றார். அவர் கை தூசியைத் தட்டிக்கொண்டிருந்தது, மனசு அதற்குள் சீட்டை எழுதி முடித்துவிட்டது. கதவு திறந்து கிடந்தது. ஒரே வரி. மத்தியானத்துக்குள் இன்னொரு வீடு பார்க்கலாம். சமையல்காரம்மாவைப் பார்த்தாலும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் பார்த்தால் யார் மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது?

"என்னைத் தெரியலையா அண்ணே?" என்றார் சமையல்காரம்மா.

அவர் குனிந்து பார்த்தார். தெரியவில்லை.

"டாக்டர் வீடு. அஞ்சு வருஷம் ஆச்சு. நீங்கதான் வந்தீங்க. கதவு திறந்து கிடந்ததுன்னு எழுதிக் குடுத்துட்டுப் போனீங்க. அன்னைக்கு சாயங்காலமே என்னை அனுப்பிட்டாங்க. எட்டு மாசம் வேலை இல்லை. என் பொண்ணு படிப்பை நிறுத்திட்டு என்கூட வேலைக்கு வந்துச்சு."

மெக்கானிக்கின் கை நின்றுபோனது. டாக்டர் வீட்டு ஃபிரிட்ஜ் சட்டென்று ஞாபகத்துக்கு வந்தது. இரட்டைக் கதவு, உள்ளே காற்றாடி மோட்டார் கருகிப்போயிருந்தது, அவரே கழற்றி மாற்றினார். திருகாணிகூட எத்தனை என்று ஞாபகம் இருந்தது. ஆள்தான் ஞாபகத்தில் இல்லை. அவருக்கு அது கேவலமாக இருந்தது.

"அப்பவே உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு நெனச்சேன்," என்றார் சமையல்காரம்மா. குரலில் கோபம் இல்லை, அழுகையும் இல்லை. "கதவு திறந்து கிடந்ததை நீங்க பார்த்தீங்களா?"

 மெக்கானிக் திரும்பி மிச்சத் தூசியையும் எடுத்து முடித்தார்.

ஒன்றரை மணி நேரத்தில் வெப்பமானி பதினொன்றுக்கு இறங்கியிருந்தது. சாயங்காலத்துக்குள் சரியாகிவிடும். மெக்கானிக் மேடைமேல் சீட்டை வைத்து எழுதினார். வழக்கத்துக்கு மாறாக ஒரு வரியில் முடியவில்லை. சூடு வெளியேறும் வழியை வீட்டு உரிமையாளர்கள் பலகை வைத்து மூடியிருக்கிறார்கள், மூன்று வருடமாகத் தூசி எடுக்கவில்லை, கதவில் குறை இல்லை, அது தானாக மூடிக்கொள்ளும், சமையல் செய்பவருக்கும் இந்தப் பழுதுக்கும் சம்பந்தம் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மாடியிலிருந்து இறங்கி வந்த வீட்டுக்காரர் வாங்கிப் படித்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"நான் சொன்னது என்ன, நீ எழுதியிருக்கிறது என்ன? மாத்தி எழுது."

முடியாது என்றார் மெக்கானிக். வீட்டுக்காரர் உடனே மேனேஜருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். மேனேஜர் போனிலேயே குழைந்தார், நெளிந்தார். கதவு என்று எழுதிக் கொடுத்துவிட்டு வரத்தெரியாதா, உனக்கு என்ன புதுசாக என்று மெக்கானிக்கைக் காய்ச்சினார். மெக்கானிக் போய் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு நிமிடத்தில் அலாரம் வீட்டையே கிழித்தது. போனின் அந்தப் பக்கம் மேனேஜருக்கும் கேட்டிருக்கும்.

"திறந்து போட்டா இப்படித்தான் சார் கத்தும். நேத்து இருபது பேர் இருந்தப்ப ஒரு தடவையாவது கத்துச்சா?"

 வீட்டுக்காரம்மா பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு தன் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பலகை வைத்து மூடச் சொன்னது நான்தான் என்று ஒரு வார்த்தை! வாய் வரவில்லை. வீட்டுக்காரர்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு பெரிய மனசு பண்ணினார்.

"சரி, போகட்டும். இந்தத் தடவை மன்னிச்சு விடறேன். போய் வேலையைப் பாரு."

மன்னிக்கிறாராம்! தூ, வெட்கங்கெட்டவர்கள். மன்னிப்புக் கேட்க வேண்டிய வாயால் மன்னிப்பு வழங்குகிறார்கள்.

சமையல்காரம்மா இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனை அவிழ்த்து நாலாக மடித்து மேடைமேல் வைத்தார்.

"பண்ணாத தப்புக்கு எதுக்கு சார் மன்னிப்பு? ஏஜென்சியில இன்னொரு வீடு பார்த்துக்கறேன். அந்தச் சீட்டோட நகல் மட்டும் எனக்கு வேணும்."

மெக்கானிக் நகலைக் கிழித்துக் கொடுத்தார். சமையல்காரம்மா அதைப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினார். வாசல்வரை போனவரை மெக்கானிக் நிற்கச் சொன்னார். பையிலிருந்து இன்னொரு வெற்றுச் சீட்டை எடுத்து, அங்கேயே சுவரில் வைத்து எழுதினார். டாக்டர் வீட்டில் அன்றைக்குக் கெட்டுப்போனது காற்றாடி மோட்டார். கதவு திறந்து கிடந்ததாக நான் எழுதியது பொய். இப்படிக்கு என்று தன் முழுப்பெயரையும் போட்டார். வீட்டுக்காரர் கையிலிருந்த போனில் மேனேஜர் இன்னும் இணைப்பில்தான் இருந்தார். நாளைக்குத் தனக்கு அந்தக் கம்பெனியில் வேலை இருக்குமா என்பது அவருக்குத் தெரியவில்லை. ஆனாலும் எழுதி முடித்தார்.

சமையல்காரம்மா நின்ற இடத்திலேயே அதை இரண்டு தடவை படித்தார். நன்றி என்று சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? மெக்கானிக்கைப் பார்த்து, உள்ளே நிற்கிற இருவருக்கும் கேட்கும்படியாகத்தான் பேசினார்.

"தப்பு யார் பண்ணினதுன்னு இங்க யாருமே பார்க்கறதில்ல அண்ணே. யார் தலையில போட்டா திருப்பிப் பேச மாட்டாங்கன்னுதான் பார்க்கறாங்க. போடறவங்க எப்பவும் இருப்பாங்க. எழுதிக் கொடுக்கிறவங்க இல்லன்னா அவங்களால ஒண்ணும் பண்ண முடியாது. இனிமே உங்க கண்ணால பார்க்காததை எழுதாதீங்க."