அப்படியே பிடிச்சிருங்க, அத்தான்

"உனக்குப் பேச வருமா, வராதா?" என்று சர்வீஸ் சென்டர் மேனேஜர் என்னைக் கேட்டார். வேலைக்குச் சேர்ந்த புதிது. நான் தலையை மட்டும் ஆட்டினேன். அன்றிலிருந்து மெக்கானிக்குகளுக்கு நான் 'சைலன்சர்'.

நேரில்தான் எனக்கு வாய் ஒட்டிக்கொள்ளும். போன் என்றால் மடை திறந்த மாதிரி பேசுவேன். அதனால்தான், முன் பிரேக்கில் கோளாறு என்று கம்பெனி ஒரு பைக் மாடலைத் திரும்ப அழைத்தபோது, வண்டிக்காரர்களுக்குப் போன் போடும் வேலை எனக்கு வந்தது. ஹேண்டிலில் பிரேக் ஆயில் டப்பாவுக்குள் ஒரு ரப்பர் வளையம் சரியில்லை. இலவசமாக மாற்றித் தருகிறோம். விஷயம் அவ்வளவுதான்.

"வண்டியப் புடுங்கிக்கத்தானே கூப்பிடுறே?" என்று ஒருவர் சண்டைக்கே வந்தார்.

"இல்ல சார், காலையில குடுங்க, சாயங்காலம் உங்க வண்டிய நீங்களே ஓட்டிட்டுப் போங்க."

இப்படிப் பேசிப் பேசியே எல்லோரையும் வரவைத்துவிட்டேன், ஒருவரைத் தவிர. அவர் என் அக்கா புருஷன்.

"என் வண்டி பிரேக் பிடிச்ச இடத்துல நிக்கும். நீ வேற யாரையாவது போய் மிரட்டு" என்று சிரித்தார்.

அக்கா வயிற்றுப் பிள்ளைக்காரி. ஆஸ்பத்திரிக்குச் செங்குத்தான மேம்பாலத்தில் இறங்கித்தான் போகவேண்டும். அவளைப் பின்னால் உட்காரவைத்து அதே வண்டியில் போவதாக இருந்தார். போகிற வழியில் சென்டருக்கு வந்து காட்டிவிட்டாவது போங்கள் என்று விடாமல் நச்சரித்தேன். என் வாயை அடைப்பதற்காகவே வந்தார்.

அக்காவை இறக்கிவிட்டு, மெக்கானிக்குகள் சுற்றி நிற்க, பிரேக் லிவரை டக் டக்கென்று விட்டுவிட்டு அடித்துக் காட்டினார்.

"பார்த்துக்கோங்கப்பா. கல்லு மாதிரி இருக்கு."

வருகிற எல்லோரும் அப்படித்தான் அடித்துப் பார்க்கிறார்கள். வேகமாக அடித்தால் கெட்ட வளையம்கூடத் தாக்குப்பிடிக்கும். மெக்கானிக்குகள் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அதற்குள் அவர் "ஏறு, நேரமாச்சு" என்று அக்காவைக் கூப்பிட்டார். அக்கா புடவையை ஒதுக்கிக்கொண்டு நகர்ந்தாள்.

"ஏறாதேக்கா!"

என் குரல் கூரைத் தகரத்தில் மோதித் திரும்பியது.

"டேய், சைலன்சர் கழண்டுடுச்சுடா!" என்று யாரோ சிரித்தார்கள். நான் நிறுத்தவில்லை.

"அடிக்காதீங்க அத்தான். ஒரே தடவை, மெதுவா அழுத்துங்க. அப்படியே பிடிச்சிருங்க. சிக்னல்ல நிக்கிற மாதிரி."

"இதுல என்ன வந்துடப்போகுது?"

"ஒண்ணும் இல்லன்னா நானே மன்னிப்புக் கேக்கறேன். பிடிங்க."

பிடித்தார். முதலில் லிவர் அசையவில்லை. அவர் உதட்டில் சிரிப்புக்கூட வந்தது. பிறகு, யாரோ உள்ளிருந்து இழுப்பதுபோல அது மெல்ல மெல்ல அமிழ்ந்தது. கடைசியில் அவர் விரல்களே கைப்பிடியில் போய் ஒட்டிக்கொண்டன. விட்டுவிட்டு மறுபடி பிடித்தார். மறுபடியும் அதே கதை.

"இதுலதான் என்னப் பாலத்துல எறக்கப் போனீங்களா?" என்றாள் அக்கா.

"நேத்துகூட நல்லா நின்னுச்சேடி" என்றார். குரலில் பாதி காற்றுதான் இருந்தது.

"இனிமே இன்னும் நல்லா நிக்கும் அத்தான். சாயங்காலம் வந்து எடுத்துக்கோங்க" என்றேன்.

அவர் வண்டியை விட்டு இறங்கினார். வண்டிக்கு ஸ்டாண்டு போட்டார். சாவியைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். அக்காவின் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, அவள் நடைக்கு ஏற்றபடி மெதுவாக, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்.