காலை ஏழு மணிக் கைகள்

ஆரினின் கடைக்குள் நுழைந்தபோது நான் கையுறையைக் கழற்றவில்லை. செப்டம்பர் மாதம், வெளியே கோழிகூட நிழல் தேடுகிற வெயில். மொன்டானா மாநிலத்தின் இந்தக் கிழக்கு மூலையில் அந்த மாதத்தில் ஒருத்தி கையுறையோடு கடைக்கு வந்தால், ஒன்று வேலி கட்டிவிட்டு வந்திருக்க வேண்டும், இல்லையென்றால் எதையோ மறைக்க வேண்டும். நான் வேலி கட்டி ஆறு வருடம் ஆகிறது.

கடையின் முன்பாதியில் மாட்டுத் தீவனமும் தூண்டிலும் விற்பார்கள். பின்பாதியில் கண்ணாடிப் பெட்டிக்குள் துப்பாக்கிகள். பெட்டிக்குப் பக்கத்தில் காப்பி இயந்திரம், அதைச் சுற்றி நான்கு நாற்காலிகள், நாற்காலிக்கு ஒன்றாக நான்கு கிழவர்கள். அந்த நான்கு பேர் வீட்டுக்கும் முப்பத்தொரு வருடம் தபால் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான். எங்கள் ஊர்க் கார்களில் ஸ்டியரிங் இடப்பக்கம்; நான் பெட்டிகளுக்கு எட்டும் வலது இருக்கையில் உட்கார்ந்து, இடது கையை நீட்டி அதைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் ஒரு நாளைக்கு இருநூற்றுப் பதினொரு பெட்டிகளைத் திறந்து மூடியிருக்கிறேன். ஜனவரியில் பெட்டியின் கதவு உறைந்துபோய் ஒட்டிக்கொள்ளும், குத்தித்தான் திறக்க வேண்டும். டாக்டர் என் விரல் முட்டிகளைப் பார்த்துவிட்டு இதற்குப் பெயர் மூட்டுவாதம் என்றார். எனக்கு அதன் பெயர் தபால் பெட்டி. பனிப்புயலிலும் தபால் தவறவிடாத ஆர்டித் என்று இந்த ஊர் என்னைப் பேசும். அந்த நால்வர் முன்னால் என் விரல்களைக் காட்டுவதைவிட இரவு உடையோடு கடைத்தெருவில் நடந்துவிடுவேன்.

கூட வந்திருந்தான் டேல், என் கணவரின் தம்பி. கணவர் போய் மூன்று வருடமாகிறது. அன்றிலிருந்து எனக்கு எது நல்லது என்பது என்னைவிட டேலுக்குத்தான் நன்றாகத் தெரியும் என்று டேல் நினைக்கிறான்.

"அண்ணி கைக்கு இதுதான்," என்று ஒரு குட்டி ரிவால்வரைக் காட்டினான். "பாருங்க, சோப்புக்கட்டி கனம்கூட இல்ல. பொம்பளைங்களுக்குன்னே செஞ்சது."

நாற்காலிகள் நான்கும் ஆமாம் போட்டன. எங்கள் ஊர் ஆண்களுக்குச் சிறியதெல்லாம் சுலபம். சின்னக் கைக்குச் சின்னத் துப்பாக்கி, அவ்வளவுதான் கணக்கு. ஆரின் அதை எடுத்து, உருளையைத் திறந்து, உள்ளே காலி என்று எனக்குக் காட்டி, திறந்தபடியே நீட்டினான். இங்கே யாரும் யாருக்கும் மூடிய துப்பாக்கியைக் கொடுப்பதில்லை.

"விசைய ஒரு தடவ அழுத்திப் பாருங்க அக்கா," என்றான்.

ஆறு ஆண்களின் கண்கள் என் கையில் இருந்தன. நான் தூண்டில்களைப் பார்ப்பவள்போலத் திரும்பிக்கொண்டு, உருளையை மூடி, சுவரை நோக்கி நீட்டி, இரண்டு கைகளின் ஆட்காட்டி விரல்களையும் விசை வளையத்துக்குள் நுழைத்து இழுத்தேன். கட்டைவிரலின் அடியில் பல் பிடுங்குவதுபோல ஒரு வலி. எப்படியோ 'டக்' என்றது.

"வெண்ணெய் மாதிரி இருக்கு," என்றேன் திரும்பி.

ஆரின் என் கையுறையைப் பார்த்தான், பிறகு விண்ணப்பத் தாளை எடுத்து வைத்தான். அதை நிரப்பிக் கொடுத்துத் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு வந்தேன். வீம்பு என்றால் அதுதான்.

எனக்கு அது ஏன் தேவைப்பட்டது என்று சொல்ல வேண்டும். ஜூன் மாதம் பட்டப்பகலில் வெறிபிடித்த நரி ஒன்று முற்றத்துக்கு வந்தது. என் நாய் ஜிக்ஸ் படிக்கு முன்னால் நின்று என்னை விடாமல் மறித்துக்கொண்டு குரைத்தது. உள்ளே ஓடிப்போய்க் கணவரின் பெரிய கைத்துப்பாக்கியை எடுத்தேன். அதன் மேல்பாகத்தைப் பிடித்துப் பின்னால் இழுத்துவிட்டால்தான் தோட்டா குழலுக்குள் ஏறும். என்னால் அதை அரை அங்குலம்கூட இழுக்க முடியவில்லை. பல்லால் கடித்துக்கூடப் பார்த்தேன். பக்கத்துப் பண்ணைக்காரர் ரைபிளோடு வந்து சேர இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. அதற்குள் நரி குதறிவிட்ட ஜிக்ஸ், அவர் வண்டியில் மாட்டு டாக்டர் வீட்டுக்குப் போகும் வழியில் என் மடியில் செத்தது.

பில்லிங்ஸ் நகரத்திலிருந்து என் மகள் டார்சி வந்தாள். அழவில்லை, திட்டவில்லை, பல் மருத்துவமனையின் கணக்காளர் பேசுகிற மாதிரி பேசினாள்.

"நரி இல்லாம மனுஷனா இருந்தா என்ன பண்ணியிருப்பம்மா? போலீஸ் வர முக்கால் மணி நேரம். வீட்ட வித்துட்டு என்கூட வந்துடு."

"வர மாட்டேன்."

"அப்ப சரி. நவம்பர்ல வான்கோழி விருந்துக்கு வருவேன்ல? அன்னிக்கு என் கண்ணு முன்னால, யார் ஒத்தாசையும் இல்லாம, நீயே தோட்டா போட்டு மூணு டப்பாவ சுட்டுக் காட்டு. காட்டிட்டா இனிமே வாயத் திறக்க மாட்டேன். முடியலேன்னா வீட்டு வாசல்ல 'விற்பனைக்கு'ன்னு பலகை நடறேன்."

கைகொடுத்து ஒப்புக்கொண்டோம். அவள் மெதுவாகத்தான் என் கையைப் பிடித்தாள். எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது, நோயாளியைத் தொடுகிற மாதிரி தொடுகிறாளே என்று. இந்த வீடு நாற்பது வருடம் நான் துடைத்த வீடு. ஜன்னலிலிருந்து பதினாறு மைல் தெரியும், அதில் எதிரே ஒரு சுவர் கிடையாது. பில்லிங்ஸில் டார்சியின் ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுக்காரனின் குளியலறை.

அந்தச் சோப்புக்கட்டித் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, ஊர்க்காரர்கள் சுட்டுப் பழகும் ஜல்லிக் குழிக்குத் தனியாகப் போனேன். முதல் குண்டு எங்கே போனதென்று எனக்குத் தெரியாது. இரண்டாவது வானத்துக்குப் போனது. கனமில்லாத துப்பாக்கி உதைக்கிற உதையைக் கை முழுவதும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்றாவதுக்கு விரல் மடங்கவே இல்லை. காருக்குள் வந்து உட்கார்ந்து சாவியைத் திருப்ப முடியாமல் அழுதேன். வலிக்காக இல்லை, கடையில் 'வெண்ணெய்' என்று சொன்னேனே, அதற்காக.

அன்று மாலை ஆரினுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

"நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு வாங்க. வலி மாத்திரை போடாம வாங்க."

"எட்டு மணிக்குத்தானே கடை திறப்ப?"

"காப்பி கோஷ்டியும் எட்டு மணிக்குத்தான் வரும்."

ஏழு மணிக்கு என் விரல்கள் கைக்குச் சம்பந்தமில்லாத மரக்குச்சிகள். எழுந்து இரண்டு மணி நேரம் கழித்துத்தான் அவை எனக்குச் சொந்தமாகும். ஆரின் மேசைமேல் ஒரு கம்பளித் துணியை விரித்து ஐந்து துப்பாக்கிகளைத் திறந்து வைத்திருந்தான். நான் கையுறையைக் கழற்றினேன். அவன் என் கைகளை நேராகப் பார்த்தான், குதிரையின் குளம்பைப் பார்க்கிறவன் பார்ப்பதுபோல, பாவப்படாமல். அதற்கு அவனுக்கு நான் என்றென்றும் கடன்பட்டிருக்கிறேன்.

"மத்தியானம் கை நல்லா இருக்கும்போது எல்லாரும் வந்து பாத்து வாங்கிட்டுப் போயிடறாங்க," என்றான். "உங்க கை எப்ப ரொம்ப மோசமோ, அப்ப எது வேலை செய்யுதோ அதான் உங்க துப்பாக்கி."

ஒவ்வொன்றாகப் பார்த்தோம். மேல்பாகத்தை இழுக்காமல், அதை அசையாமல் பிடித்துக்கொண்டு பிடியை முன்னால் தள்ளும் வித்தையைக் காட்டினான். அதில் ஒன்று எனக்கு முக்கால்வாசி வந்தது.

"பதினோரு மணிக்கு வர்ற நரிக்கு இது போதும்," என்றேன்.

ஆரின் யோசித்தான். குனிந்து அடி இழுப்பறையிலிருந்து ஆறாவது ஒன்றை எடுத்தான். பழையது, கீறல் விழுந்தது, யாரோ விற்றுவிட்டுப் போனது. யாரும் கேட்பதில்லை என்று கண்ணாடிப் பெட்டியில்கூட வைக்கவில்லை. முதலில் வாங்கியதைவிடக் கொஞ்சம் பெரியது, நல்ல கனம். பக்கத்திலிருந்த சின்ன நெம்பை அழுத்தினான், குழலின் பின்பக்கம் தானாக மேலே எம்பித் திறந்துகொண்டது. அந்த ஓட்டையில் ஒரு போலித் தோட்டாவைப் போட்டு, குழலைக் கீழே அமுக்கினான். அவ்வளவுதான். எதையும் இழுக்க வேண்டியதில்லை. மீதித் தோட்டாக்களைப் பிடிக்குள் போகும் பெட்டியில் முந்தின நாளே சாவகாசமாக நிரப்பி வைத்துக்கொள்ளலாம்.

நான் செய்து பார்த்தேன். நெம்பு என் கட்டைவிரலின் பக்கவாட்டுக்கே மடிந்தது. விசையும் ஒரு விரலுக்கு வந்தது. மறுபடி செய்தேன். ஏழு தடவை செய்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இது சின்னத் தோட்டா அக்கா. நரிக்கு ஆகும், பாம்புக்கு ஆகும். கரடிக்கு ஆகாது."

"கரடி வந்தா அது பாட்டுக்கு உக்காந்து டிவி பாக்கட்டும்."

சோப்புக்கட்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டான். மறு வாரம் டேல் வந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தான். "என்ன அண்ணி, இவ்ளோ பெரிசா இருக்கு?"

"உன் வாயைவிடச் சின்னதுதான்," என்றேன்.

அக்டோபர் முழுவதும் தினமும் காலையில், வானொலியில் மாட்டு விலை சொல்லும்போது, சமையலறை மேசையில் போலித் தோட்டாவோடு பழகினேன். வாரம் இரண்டு நாள் ஜல்லிக் குழி. நவம்பர் பிறந்தபோது எனக்குச் சந்தேகமே இல்லை. வான்கோழிக்குச் சொல்லி வைத்ததோடு, வசந்தத்துக்கு ஐம்பது கோழிக்குஞ்சுகளுக்கும் சொல்லி வைத்தேன்.

டார்சி விருந்துக்கு முந்தின நாள் வந்தாள். அன்று பந்தயப் பேச்சை எடுக்கவில்லை. விருந்தன்று காலையில், வெளிச்சம் வந்ததும் வராததுமாக என் அறைக் கதவைத் தட்டினாள்.

"இப்பவே போலாம்மா."

"காப்பி?"

"காப்பிக்கு முன்னாடி."

கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன். என் கை எப்போது மோசம் என்று கண்டுபிடித்திருக்கிறாள், தோற்கடிக்கத்தான் பார்க்கிறாள். பழைய டிரக்கை ஓட்டிக்கொண்டு மேட்டுக்குப் பின்னால் போனோம். புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி. மண்மேட்டுக்கு முன்னால் மூன்று பீச் பழ டப்பாக்களை வைத்துவிட்டு வந்து, காதுகளுக்குக் கவசம் மாட்டிக்கொண்டு, அவள் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

நான் அவசரப்படவில்லை. நெம்பு, தோட்டா, அமுக்கு. முதல் டப்பா விழுந்தது. இரண்டாவதும். மூன்றாவதுக்கு ஒன்று தப்பியது, மண் தெறித்தது. மூச்சை விட்டேன். அடுத்ததில் அதுவும் கவிழ்ந்தது. என் வீடு என்னிடமே நின்றது. பதினாறு மைலும் கூடவே.

"சரி," என்றாள் டார்சி. "பலகை நட மாட்டேன்." குரலில் வருத்தமில்லை. பிறகு, "குடு, நானும் ஒண்ணு சுட்டுப் பாக்கறேன்," என்றாள்.

பெட்டியைக் கழற்றி, குழலைத் திறந்து, காலி என்று காட்டிக் கொடுத்தேன். ஒரு தோட்டாவை அவள் உள்ளங்கையில் வைத்தேன். எப்படிப் போடுவது என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டேன். அவள் விரல் நுனிகளால் தோட்டாவைப் பிடிக்கவே இல்லை. உள்ளங்கையைச் சாய்த்து, இரண்டு விரல்களின் பக்கவாட்டுகளுக்கு நடுவே அதை உருட்டி, ஓட்டைக்குள் நழுவவிட்டாள். துப்பாக்கியை மண்மேட்டை நோக்கி நீட்டியபடியே, இடது முன்கையைக் குழலின்மேல் வைத்து உடம்பின் கனத்தால் ஒரே அழுத்து. மூடிக்கொண்டது. இரண்டு மாதம் பழகிய எனக்கு அந்த யுக்தி தோன்றவே இல்லை. ஜாடி மூடி, காரின் கதவு, குழாய் என்று எத்தனை காலையில் எத்தனை பொருட்களோடு தனியாக மல்லுக்கட்டினால் ஒரு கை அப்படிச் செய்யக் கற்றுக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும். நாற்பத்து நான்கு வயதுதான் அவளுக்கு.

அவள் சுட்டாள். கிடந்த டப்பா ஒன்று துள்ளி விழுந்தது.

"எவ்வளவு நாளா?" என்று கேட்டேன்.

என்னைப் பார்க்காமலே குழலைத் திறந்து, துப்பாக்கியை என்னிடம் நீட்டினாள். "ரெண்டு வருஷம். காலைலதான் மோசம்." பிறகு, "ஆரின்கிட்ட இதே மாதிரி இன்னொண்ணு இருக்குமாம்மா?" என்றாள்.

என்னைப் பார்த்துக்கொள்ள என்றா அவள் அத்தனை தடவை வரச் சொன்னாள்? இரண்டு வருடமாக ஒரே ஆளிடம் இதைச் சொல்ல நினைத்திருக்கிறாள், அந்த ஆளான நானோ இந்த மேட்டில் உட்கார்ந்துகொண்டு வர மாட்டேன் வர மாட்டேன் என்று வீம்பு பேசிக்கொண்டிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. இருக்கும், தேடித் தரச் சொல்கிறேன் என்று சொன்னேன்.

ஓட்டி வந்த டிரக்கின் என்ஜின் மூடி இன்னும் சூடாக இருந்தது. டார்சி போய் இரண்டு உள்ளங்கைகளையும் அதன்மேல் விரித்து வைத்தாள். நானும் பக்கத்தில் போய் என் கைகளை வைத்தேன். தகரத்தின்மேல் படிந்திருந்த ஈரம் ஆவியாகி எங்கள் இருபது விரல்களுக்கு நடுவே மெல்ல எழும்பிக்கொண்டிருந்தது.