செயல்முறை விளக்கம்

பெரியவர்களுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுக்கிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்தவர், தன் வாழ்நாளில் ஒரு பெரியவருக்கு ஓர் எழுத்தைக்கூடச் சொல்லிக்கொடுத்ததில்லை. அதை முதல் நாள் காலையில் அவரே பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

"நான் வகுப்பெடுக்கறதில்ல. வகுப்பெடுக்கறவங்களைத் தயார் பண்றேன்."

அந்த நிமிடமே கணக்கு டீச்சர் அவருக்கு 'ஸ்லைடு சாமி' என்று பெயர் வைத்தாள். மூன்று நாளில் மனிதர் இருநூற்றுப் பதினாறு ஸ்லைடு ஓட்டினார்.

பக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் எழுத்து டீச்சர். அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பதினோரு வருஷமாக மாலை வகுப்பு நடத்துகிறவள். இரண்டாம் நாள் முப்பது பேரையும் வட்டமாக நிற்கவைத்து, ஒரு பந்தை வீசி, அதைப் பிடிக்கிறவர் ஓர் எண் சொல்ல வேண்டும் என்றார் சாமி. சுவருக்கு எத்தனை செங்கல் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லும் கொத்தனாரிடம் இந்த வித்தையைக் காட்டினால், எழுந்து போனவர் திரும்பி வரமாட்டார். அதை அவளால் வாய்திறந்து சொல்ல முடியவில்லை. சான்றிதழ் இல்லாதவர்களுக்கு அடுத்த வருஷம் வகுப்பு கிடையாது. கையெழுத்துப் போடுகிறவர் சாமி.

மூன்றாம் நாள் மதியம் செயல்முறை விளக்கம். "நிஜமாவே படிக்கத் தெரியாதவங்க ஒருத்தர் வேணுமே" என்று சுற்றுமுற்றும் பார்த்தார். தண்ணீர் பாட்டில் அடுக்கிக்கொண்டிருந்த துப்புரவுக்கார அம்மா கண்ணில் பட்டாள்.

"நீ வாம்மா. இந்த வரியைப் படி பாப்போம்."

அந்த அம்மா ஏழு மாதமாக எழுத்து டீச்சரிடம் படிக்கிறாள், ஒருத்தருக்கும் தெரியாமல். தரை கழுவும் மருந்துகளின் லேபிளைப் படிக்கத் தெரியும் என்று பொய் சொல்லி வேலைக்குச் சேர்ந்தவள். இப்போதுதான் விரல் வைத்துத் தட்டுத்தடுமாறிப் படிக்கிறாள், அதுவும் தனியாக இருந்தால். அவளுடைய சூப்பர்வைசர் வாசலிலேயே நின்றான்.

அந்த அம்மா திரையைப் பார்த்தாள், சூப்பர்வைசரைப் பார்த்தாள். "கண்ணாடி எடுத்துட்டு வரல சார்."

எழுத்துத் தெரியாதவர்கள் எல்லோரும் முதலில் சொல்லும் பொய் அது. வகுப்பெடுக்கிற எவருக்கும் முதல் வாரத்திலேயே பழகிப்போகும். ஸ்லைடு சாமி தன் கண்ணாடியைக் கழற்றி நீட்டினார்.

"தலை சுத்துது சார். உங்க பவர் எனக்கு ஒத்துக்கல."

"பரவால்ல, மெதுவா படி. யாரும் சிரிக்க மாட்டாங்க."

'அவங்க வேலையைப் பாக்கட்டும் சார், நான் வந்து படிக்கிறேன்' என்று டீச்சர் எழுந்திருந்தால் போதும், விஷயம் அதோடு முடிந்திருக்கும். கணக்கு டீச்சர் முழங்கையால் இடித்துக்கூடப் பார்த்தாள். டீச்சர் குனிந்து பேனா மூடியைத் திருகினாள். கையெழுத்தாகாத சான்றிதழ்கள் சாமியின் மேசைமேல் கட்டாக இருந்தன.

இரண்டு நிமிடம் அந்த அம்மா முப்பது பேர் முன்னால் வியர்த்துப்போய் நின்றாள். சாமிக்கே அலுத்துவிட்டது. "சரி போ. இதுக்குப் பேர்தான் கற்போரின் தயக்கம். எல்லாரும் குறிச்சுக்குங்க." எல்லோரும் குறித்துக்கொண்டார்கள், டீச்சரும்தான்.

சாயங்காலம் ஆறு மணிக்கு அந்த அம்மா வகுப்புக்கு எப்போதும்போல வந்தாள்.

"சூப்பர்வைசர் என்னக்கா சொன்னாரு?"

"மருந்து ரூம் பக்கமே போகக் கூடாதாம். இனிமே கக்கூஸ் மட்டும் கழுவினா போதுமாம்."

டீச்சரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அந்த அம்மா மேசைமேல் கிடந்த புதுச் சான்றிதழை இழுத்து, விரல் வைத்துப் படிக்க ஆரம்பித்தாள்.

"கற்...போரின்... கண்ணியம்... காத்து... கற்பிப்பதில்... முழுத்... தேர்ச்சி... பெற்றவர்."

ஓர் எழுத்தும் பிசகவில்லை.

"சரியா படிச்சேனா டீச்சர்?"

"சரியா இருக்குக்கா." தன் குரல் தனக்கே அருவருப்பாக இருந்தது டீச்சருக்கு.

"இது உங்களுக்கா குடுத்தாங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அந்த அம்மா தன் நோட்டைத் திறந்தாள்.