புகைக்காரனும் ரீங்காரனும்

பந்தயத்தை முதலில் கட்டியது யார் என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. நான்தான் என்று பல் டாக்டர் சொல்கிறார். என் வாயிலிருந்து அவ்வளவு நீளமான வாக்கியம் வந்திருக்குமா என்பது சந்தேகமே.

நான் அச்சகத்தில் பிழை திருத்துபவன். வாரம் முழுவதும் யாரோடும் பேசாமல் கழித்துவிடுவேன்; அது எனக்குப் பிடிக்கவும் செய்யும். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் தண்டவாளத்துக்கு மேலுள்ள நடைபாலத்தில் டாக்டரோடு நின்று சரக்கு ரயில் பார்ப்பேன். அவரிடம் வருகிறவர்கள் வாயைத் திறந்தபடியே இருப்பார்கள், பதில்தான் சொல்ல முடியாது. பதில் கேட்பதற்காகவே அவர் பாலத்துக்கு வந்தார். கிடைத்தவன் நான். என்னை அவர் சைலன்சர் என்றுதான் கூப்பிடுவார். அந்தப் பாலமும் இல்லையென்றால் எனக்குப் பேச்சே மறந்துவிடும் என்பாள் அக்கா.

அந்தத் தடத்தில் இரண்டு கம்பெனிகளின் டீசல் இன்ஜின்கள் ஓடின. ஒன்று, கிளம்பும்போது கரும்புகை கக்கி, விட்டு விட்டுத் துடிக்கும். அதற்குப் புகைக்காரன் என்று பெயர் வைத்திருந்தோம். மற்றது இடைவெளியே இல்லாமல் ஒரே சுருதியில் இரையும். அது ரீங்காரன். நான் புகைக்காரன் கட்சி. ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவே அது யோசிப்பதுபோல எனக்குத் தோன்றும். டாக்டருக்கு ரீங்காரன்தான் உயிர். உன் இன்ஜின் இருமுகிறது என்பார். உங்களுடையது மூச்சுவிடாமல் அளக்கிறது என்பேன்.

ஒரு ஞாயிறு பேச்சு முற்றிவிட்டது. முதுகைக் காட்டி நின்று, காதாலேயே கம்பெனியைச் சொல்வேன் என்றேன். காதை நம்புகிறவன் ஏமாளி, தூரத்திலேயே முகத்தைப் பார்த்துத் தாம் சொல்லிவிடுவதாக அவர் சொன்னார். அடுத்த ரயிலைத் தப்பாகச் சொல்கிறவர் இனிப் பாலத்துக்கு வரக்கூடாது என்று முடிவானது. வார்த்தையை விட்ட பிறகுதான் அக்கா சொன்னது உறைத்தது.

திரும்பி நின்றேன். கைப்பிடிக் கம்பி அதிரத் தொடங்கியது. எவ்வளவு ஆசைப்பட்டும் அந்த ஓசையில் ஒரு துடிப்பைக்கூட என்னால் கேட்க முடியவில்லை.

“உங்க ஆளுதான், டாக்டர்,” என்றேன்.

அவர் தொலைநோக்கியை இறக்கித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“இல்லப்பா. உருண்ட தோளு, ஒடுங்கின மூக்கு. இது உன் ஆளு.”

அவர் என் கட்சிக்கும் நான் அவர் கட்சிக்கும் சாட்சி சொல்லிக்கொண்டு நின்றோம்.

சிக்னல் கிடைக்காமல் ரயில் பாலத்தடியில் நின்றது. இருவரும் படியிறங்கி ஓடினோம். வேலிக்கு இப்பாலிருந்து டாக்டர் ஓட்டுநரிடம் விஷயத்தைச் சொன்னார். ஓட்டுநர் ஜன்னலில் கையை ஊன்றிச் சிரித்தார்.

“ரெண்டு பேர் சொல்றதும் சரிதான் சார். உடம்பு ஒரு கம்பெனி. உள்ள இருந்த மோட்டார் தேஞ்சுபோச்சுன்னு பட்டறையில தூக்கிட்டு, மத்த கம்பெனியோடத வச்சுட்டாங்க.”

ரயில் போன பிறகும் நாங்கள் வேலியருகே நின்றோம்.

“அப்ப ரெண்டு பேருமே பாதி தப்பு,” என்றார் டாக்டர். “பந்தயம்னா பந்தயம். இனிமே ரெண்டு பேருமே பாலத்துக்கு வரக்கூடாது.”

அவர் விளையாட்டுக்குச் சொல்வதாகத் தெரியவில்லை.

“பாலத்துக்குத்தானே?” என்றேன். “ஸ்டேஷன்ல கடைசி பெஞ்சு காலியாத்தான் கிடக்கு.”

“அங்க வெயில் அடிக்குமே.”

“குடை கொண்டுவரேன்.”

டாக்டர் பிறகு கிளினிக்கை மகளிடம் ஒப்படைத்துவிட்டார். ரீங்காரன் கட்சியை விடவில்லை. அந்த ஓட்டுநர் பயணிகள் ரயிலுக்கு மாறினார். கலப்பு இன்ஜின் இன்னும் சரக்கு இழுக்கிறது. அக்காவுக்கு எல்லா இன்ஜினும் ஒன்றுதான். நான் அதே அச்சகத்தில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் டாக்டரும் ஸ்டேஷனுக்குப் போகிறோம்.