எங்க வீட்டு ஆஸ்டின்

ஜெயபாலன் வந்தப்ப நான் மீன் வெட்டிக்கிட்டிருந்தேன். கையில கத்தி இருந்ததால படியோட நின்னுட்டான்.

“அக்கா, நல்ல சேதி. இந்த வருஷம் ஊர்வலத்துல உங்க ஆஸ்டின்தான் முதல் வண்டி,”ன்னான்.

மோட்டார் கிளப்புக்கு அவன்தான் செக்ரட்டரி. வருஷா வருஷம் பழைய காரையெல்லாம் துடைச்சு மினுக்கி பாடாங் மைதானத்துல வரிசையா நிறுத்தி வைப்பாங்க. மலாக்கா சனமெல்லாம் வந்து வேடிக்கை பார்க்கும். அப்புறம் டவுனைச் சுத்தி, எங்க காஜா பெராங் தெரு வழியா ஊர்கோலம் போயிட்டு வருவாங்க. சுதந்திரம் கிடைச்சு ஒரு வருஷம் ஆச்சுன்னு இந்தத் தடவை தடபுடல் அதிகம். முதல் வண்டின்னதும் எங்க வீட்டுக்காரரு சேதுபதிக்கு வாயெல்லாம் பல்லு.

“ஒரே ஒரு விஷயம்,”ன்னு இழுத்தான் ஜெயபாலன். “ஓட்டப் போறது துரை. அவருதானே முதல் சொந்தக்காரரு? இதுக்குன்னே சிங்கப்பூர்லேருந்து வர்றாரு. பேப்பர்ல போட்டோ வரும். அண்ணன் வெள்ளை உடுப்புப் போட்டுக்கிட்டு கதவைத் திறந்துவிட்டா போதும்.”

எங்க வீட்டுக்காரரு அதுக்கும் தலையை ஆட்டினாரு. எனக்கு உச்சி மண்டையில சுர்ருன்னு ஏறிச்சு.

இந்த ஆஸ்டின் எதுன்னு சொல்லிடறேன். செங் ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்துல வெள்ளைக்காரத் துரை வச்சிருந்த கார். நான் பிறந்தது அங்கதான். எங்கப்பா அங்க பால்மரம் வெட்டினவரு. அந்தக் கார் ஹாரன் கேட்டா சைக்கிள்ல போறவன் இறங்கணும், குடை பிடிச்சவன் மடக்கணும், தலைத்துண்டை அவுத்துக் கக்கத்துல வச்சுக்கிட்டு ஓரமா நிக்கணும். கார் கண்ணுக்கு மறையற வரைக்கும் நிக்கணும். கொட்டற மழையில எங்கப்பா குடையை மடக்கிக்கிட்டு நின்னாரு. பக்கத்துல நானும் நனைஞ்சுக்கிட்டு நின்னேன். அன்னிக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கல. அடங்கவும் வேணாம்.

ஜப்பான்காரன் வந்தப்ப துரை ஓடிட்டாரு. சண்டை முடிஞ்ச பிறகு, டயர்கூட இல்லாம கொட்டகையில கிடந்த காரைப் பழைய இரும்புன்னு சொல்லித்தான் வித்தாங்க. எங்க வீட்டுக்காரரு வாங்கிட்டு வந்து உயிர் கொடுத்தாரு. இப்ப தினமும் செமாபோக் வரைக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைங்களை அதுல ஏத்திக்கிட்டுப் போறது நான். லைசென்ஸ் எடுத்துத்தான் ஓட்டறேன்.

“வண்டி வரும், ஜெயபாலா. ஓட்டறது நான்,”னேன்.

“கமிட்டி முடிவு பண்ணிட்டாங்க அக்கா.”

“கமிட்டியா தினம் வந்து வண்டி கழுவுது?”

அவன் எங்க வீட்டுக்காரரைப் பார்த்தான். அவரு என்னைப் பார்த்தாரு. விட்டா மீன் கருவாடாகற வரைக்கும் பார்த்துக்கிட்டே இருந்திருப்பாரு.

“பெரிய மனுஷங்க கேட்கறாங்க சந்திரமதி. ஒரு நாள்தானே,”ன்னாரு கடைசியில.

“ஒரு நாளும் கிடையாது, ஒரு முழமும் கிடையாது. அந்த ஆளு இந்தக் காரை ஓட்டிக்கிட்டு நம்ம தெருவுல வந்தா, போன வருஷம் வாசல்ல நாம கொடி கட்டினதுக்கு என்னங்க அர்த்தம்?”

ஜெயபாலன், “அன்னிக்குப் பார்த்துக்கலாம்,”னு முனகிட்டுப் போனான்.

ஊர்வலத்தன்னிக்கு நான் வீட்டுலேயே ஸ்டியரிங் முன்னால உட்கார்ந்துட்டேன். பாடாங் போய்ச் சேர்ந்தும் இறங்கல. யாரு வந்து பல்லைக் காட்டினாலும் இறங்கறதில்லன்னு கதவைப் பிடிச்சுக்கிட்டிருந்தேன். வெயில்ல புடவை முதுகோட ஒட்டிக்கிச்சு.

துரை வந்தாரு. நல்லா வயசாயிருந்துச்சு, கையில தடி. தோட்டத்துத் தமிழை மறக்கல.

“யார் நீ? இறங்கு,”ன்னாரு.

“பால்வெட்டு முத்துக்கருப்பன் மக. இது என் வண்டி துரை. வேணும்னா பின்னால ஏறிக்குங்க, எங்க போகணுமோ அங்க இறக்கி விடறேன்.”

ஜெயபாலன் முகத்துல ஈயாடல. துரை காது வரைக்கும் சிவந்துபோய், எனக்கு அடுத்து நின்ன கிளப்புக் கார்ல போய் ஏறிக்கிட்டாரு. வண்டியைக் கிளப்ப முன்னால ஹாண்டிலைச் சுத்தணும். அத்தனை பேர் முன்னால அதை எங்க வீட்டுக்காரரு செய்வாரா மாட்டாரான்னு எனக்குத் திக்குதிக்குன்னு இருந்துச்சு. அவரு காக்கிச் சட்டைக் கையை மடிச்சுவிட்டுட்டு, போய்ச் சுத்தினாரு. கிளம்பினதும் ஓடிவந்து என் பக்கத்துல ஏறிக்கிட்டாரு.

“வெள்ளை உடுப்பு எங்கே?”ன்னு கேட்டேன்.

“துணிக்கொடியிலேயே கிடக்கட்டும்,”னாரு. எனக்கு அழுகையா வந்துச்சு. அடக்கிக்கிட்டேன்.

காஜா பெராங்குக்குள்ள நுழைஞ்சா ரெண்டு பக்கமும் சனம். பிள்ளைங்க ஹாரன் அடிக்கச் சொல்லிக் கத்துதுங்க. எனக்கும் குஷிதான், ரப்பர் ஹாரனைப் போட்டு அமுக்கு அமுக்குன்னு அமுக்கினேன்.

முன்னால ஒரு சைக்கிள் போய்க்கிட்டிருந்துச்சு. ஒரு கையில ஹாண்டில்பார், இன்னொரு கையில குடை. ஹாரன் கேட்டதும் ஓட்டினவரு சட்டுனு இறங்கினாரு. குடையை மடக்கினாரு. தலைத்துண்டை அவுத்துக் கக்கத்துல வச்சுக்கிட்டுக் கால்வாய் ஓரமா தலைகுனிஞ்சு நின்னாரு. தோட்டத்துல எங்கப்பாவோட ஒரே லயத்து வீட்டு வரிசையில இருந்த சுப்பையன் மாமா.

துரையை ஓட்டவிடலேன்னு நெஞ்சை நிமித்திக்கிட்டு வந்தவ நான். இங்க என் ஹாரனுக்கு ஒரு பெரிய மனுஷன் கால்வாய் ஓரம் நிக்கிறாரு. பிரேக்கை மிதிச்சேன்.

“மாமா, ஏன் இறங்கினீங்க?”

அவரு தலையைத் தூக்கி என்னைப் பார்த்துட்டு வெட்கப்பட்டாரு. “இந்தச் சத்தம் கேட்டா கால் தானா இறங்கிருது தாயி. நீ போ, நான் நிக்கிறேன்.”

“நீங்க சைக்கிள்ல ஏறாம இந்த வண்டி நகராது.”

பின்னால எல்லா வண்டியும் ஹாரன் அடிக்க ஆரம்பிச்சிருச்சு. ஜெயபாலன் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தான். “அக்கா, இப்ப எடுக்கலேன்னா ஊர்வலத்துலேருந்து உங்க பேரை அடிச்சிருவேன்.”

“அடிச்சுக்கோ. இன்னிக்கே அடி, அடுத்த வருஷத்துக்கும் சேர்த்து அடி.”

எங்க வீட்டுக்காரரு இறங்கிப் போய் சைக்கிளைப் பிடிச்சுக்கிட்டாரு. “ஏறுங்க அண்ணே. பொம்பளை சொன்னா சொன்னதுதான், எனக்குத் தெரியாதா?”ன்னாரு. சனம் சிரிச்சுது. மாமாவும் கொஞ்சம் சிரிச்சுட்டுத் துண்டைத் தலையில கட்டினாரு. ஏறி உட்கார்ந்தாரு.

“குடை மாமா.”

குடையை விரிச்சாரு.

“ஓரமா வேணாம். நடுரோட்டுல போங்க. உங்களுக்குப் பின்னாலதான் நாங்க.”

அவரு மெதுவா மிதிச்சாரு. முட்டி தேஞ்ச மனுஷன், நடந்தாலே அவரை முந்திடலாம். நான் முதல் கியர்லேயே பின்னால போனேன். என் பின்னால துரை ஏறின கார், அதுக்குப் பின்னால மலாக்காவுல இருந்த பழைய கார் அத்தனையும். யாரும் முந்த முடியல, தெரு பூரா சனம். எங்க இஞ்சின் சூடாகி மூடியிலேருந்து ஆவி வந்துச்சு. வந்தா வரட்டும்னு விட்டுட்டேன்.

கொஞ்ச தூரம் போனதும் மாமா திரும்பித் திரும்பிப் பார்த்தாரு. வழி விடணுமோன்னு சைக்கிள் தானா ஓரத்துக்குச் சாயுது.

நான் ஜன்னல்ல தலையை நீட்டி, “பின்னால பார்க்காதீங்க மாமா, நாங்க காத்துக்கிட்டே வர்றோம், நீங்க மிதிங்க,”ன்னேன்.