அனுமதி இல்லாத அறிவிப்பு

விடியுமுன்னே ஜெயஸ்ரீ மொட்டைமாடியில் மண்டிபோட்டு, கம்பி பிரஷ்ஷால் இரும்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எண்ணூரில் இரும்பு என்று எது நின்றாலும் கடலுப்பு ஒரு பக்கம் தின்னும், அனல்மின் நிலையத்துச் சாம்பல் மறுபக்கம் மூடும். வானொலிக் கோபுரத்தின் கால்களில் இரண்டும் சேர்ந்து சிமெண்டுபோல இறுகிக் கிடந்தன. உச்சியில், அவளோடு வேலை பார்க்கும் வெற்றி இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஆண்டெனாவைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் துடைக்கத் துடைக்கச் சாம்பல் இவள் தலையில் கொட்டியது.

"கண்ண மூடிக்கோக்கா!"

"மூடிகினா எத்தத் தேய்க்கிறது? நீ சீக்கிரம் எறங்கு. டைம் ஆவுது."

கழிமுக வானொலி என்றால் குப்பங்களில் எல்லோருக்கும் தெரியும். அலை எவ்வளவு உயரம், காற்று எந்தப் பக்கம், துறைமுகத்தில் எந்தப் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள், ஏரியைத் திறந்தார்களா என்று காலையும் மாலையும் சொல்லும். ஒரு மழைக்காலத்தில் அதைக் கேட்டுத்தான் சடையங்குப்பத்து ஜனம் தண்ணீர் வருமுன் குழந்தைகுட்டியோடு வெளியேறியது. ஐஸ் கம்பெனியில் இறால் உரித்துக்கொண்டிருந்த ஜெயஸ்ரீயின் குரலைத்தான் இப்போது இந்தக் கரை முழுக்க நம்புகிறது.

நிலையத்தை நடத்தியது பக்கத்து உர ஆலையின் அறக்கட்டளை. நால்வர் பார்த்த வேலையை இருவராகக் குறைத்தார்கள். துடைப்பது, பெருக்குவது, ஒலிபரப்புவது எல்லாம் இந்த இருவர் தலையில் விழுந்தது. போதாததற்கு நிர்வாகி சுப்புராயன் ஒரு சட்டமும் போட்டிருந்தார். ஆலையைப் பற்றி எந்த அறிவிப்பானாலும் முன் அனுமதி வேண்டும்.

அன்று அலை உயரத்தைச் சொல்லி முடித்துப் பாட்டுப் போட்டபோது தொலைபேசி அடித்தது. முகத்துவாரக்குப்பத்தில் மீன் விற்கும் அங்கம்மா.

"ஜெயா, இன்னாடி இது நாத்தம்? மூக்குல மொளகாத்தூள் கொட்டுனாப்புல கீது. புள்ளைங்கல்லாம் வாந்தி எடுக்குதுங்க. தொண்டைய அடைக்குதுடி!"

ஜெயஸ்ரீ உடனே சுப்புராயனை அழைத்தாள்.

"கப்பல்லேர்ந்து ஆலைக்கு வர்ற கடல் குழாயில சின்னக் கசிவு. ஆலையில பார்த்துக்கிட்டிருக்காங்க," என்றார் அவர். "நீ வாயைத் திறந்தா ஜனங்க பதறி ஓடி மிதிபட்டுச் சாவாங்க. பாட்டு போடு."

"சார், ஜனம் இப்பவே வாந்தி எடுக்குது."

"அனுமதி வரட்டும்."

"யார் குடுக்கணும்?"

"ஆலை மேலாளர்."

"அவரு எப்போ குடுப்பாரு?"

இணைப்பு அறுந்தது.

அடுத்த நிமிடமே இன்னொரு அழைப்பு. ஆலைக்குள் காண்ட்ராக்டில் வேலை செய்யும் சௌக்கத் அலி. பேச்சுக்கு நடுவே இருமினான். "அக்கா, அமோனியா. வால்வு மூட மாட்டேங்குது. வாடைக்காத்து, குப்பத்து மேலதான் போவுது. எம்பேர மட்டும் சொல்லிடாத, வேலைய வுட்டுத் தூக்கிடுவான்."

அந்தக் குப்பத்தில்தான் ஜெயஸ்ரீயின் வீடு. ராத்திரியெல்லாம் கடலில் கிடந்துவிட்டு, கதவைத் தாழிட்டுக்கொண்டு அடித்துப்போட்டாற்போல் தூங்குவான் அவள் புருஷன் பாஸ்கர். கால்கள் தாமாகவே படிக்கட்டுப் பக்கம் திரும்பின.

"நீ போக்கா, நா பேசறேன்," என்றான் வெற்றி.

போயிருப்பாள். ஆனால் அவன் குரல் கரையில் யாருக்குத் தெரியும்? எவனோ கத்துகிறான் என்று பாதிப் பேர் படுத்தே கிடப்பார்கள். திரும்பிவந்து உட்கார்ந்தாள். பாட்டை நிறுத்தினாள்.

"நா ஜெயஸ்ரீ பேசறேன். ஆலைக் கொழாயிலேர்ந்து அமோனியா வாயு வந்துகினு கீது. துணிய நல்லாத் தண்ணில நனச்சி மூக்கையும் வாயையும் மூடிக்கோங்க. தெக்கால ஓடாதீங்க, காத்து அந்தப் பக்கம்தான் போவுது. மேக்கால, ரயில்வே ஸ்டேஷன் பக்கம் போங்க. பக்கத்து வூட்டுக் கதவத் தட்டுங்க. தூங்குறவங்கள எழுப்புங்க. படகுல கீறவங்க கரைக்கி வராதீங்க."

தொண்டை கரகரக்கும்வரை அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். பாஸ்கர் பேரை மட்டும் சொல்லவில்லை. எத்தனையோ வீட்டில் எத்தனையோ பேர் தூங்குகிறார்கள்.

வெயில் ஏறி, கசிவு ஒருவழியாக அடைபட்டபோது சுப்புராயன் இரண்டு காவலாளிகளோடு வந்து, ஒலிபரப்புக் கருவியின் மின்கம்பியைப் பிடுங்கினார். இருவரையும் கீழே இறக்கி அறையைப் பூட்டினார். அதற்குள் ரயில்வே ஸ்டேஷன் பக்கமிருந்தும் ஆஸ்பத்திரியிலிருந்தும் ஜனம் வாசலுக்கு வந்து சேர்ந்திருந்தது. கண் சிவந்தவர்கள், ஈரத்துணியை இன்னும் வாயிலிருந்து எடுக்காதவர்கள். முன்னால் வந்த அங்கம்மா ஜெயஸ்ரீயின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கதவ ஒடச்சித்தான் ஒம் புருசனத் தூக்கினோம். ஆஸ்பத்திரில கீறான். கண்ணு முழிச்சிட்டான், பயப்படாத."

அதுவரை அடக்கிவைத்திருந்த அழுகை ஒரே ஒரு தடவை அவளைக் குலுக்கிவிட்டுப் போனது.

சுப்புராயன் குரலைத் தாழ்த்தினார். "ஜெயஸ்ரீ, இன்னும் ஒண்ணும் கெட்டுப்போகல. வதந்தியை நம்பிச் சொல்லிட்டேன்னு ஒரு வார்த்தை ஒலிபரப்பிடு. வேலை உனக்குத்தான்."

"எது சார் வதந்தி? இவங்க வாந்தியா?"

"மைக் யாருது? கட்டடம் யாருது? உரிமம் யார் பேர்ல இருக்கு?"

"எல்லாம் ஒங்களுதுதான். உயிரு எங்களுது."

"அப்போ, உள்ளேயிருந்து உனக்குச் சொன்னவன் பேரைச் சொல்லு."

"சொல்ல மாட்டேன்."

"சொல்லலேன்னா ரெண்டு பேருக்கும் இன்னியோட வேலை கிடையாது."

"சரி, கெடையாது."

வெற்றி காலையிலிருந்து கழற்றாதிருந்த இடுப்புக் கயிற்றை அவிழ்த்து அவர் காலடியில் போட்டான். "இனிமே நீங்களே ஏறித் தொடச்சிக்கோங்க சார்."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஆலைத் தொழிலாளிகளின் நீலச் சட்டை போட்ட ஒருவன் வந்தான். இமைகள் வீங்கிக் கண் பாதிதான் திறந்தது. "அவங்கள ஏன் மெரட்டுறீங்கோ? நாந்தான் சொன்னேன். சௌக்கத் அலி. எழுதிக்கோங்க."

"உனக்கும் வேலை போச்சு," என்றார் சுப்புராயன்.

"அவனுக்குப் போச்சுன்னா எங்களுக்கும் போவட்டும்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். இன்னும் சில நீலச் சட்டைகள் அவன் பக்கத்தில் வந்து நின்றன. சுப்புராயன் காரில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

அங்கே நின்றபடியே பேசி முடிவெடுத்தார்கள். அந்தப் பூட்டைத் திறக்க வேண்டும், இனி அறிவிப்புக்கு எவனிடமும் அனுமதி கேட்பதில்லை. குப்பத்துக்குக் குப்பம் அபாயச் சங்கு வைக்க வேண்டும். சௌக்கத் அலியின் வேலையில் எவனும் கைவைக்கக் கூடாது. அதுவரை படகும் போகாது, ஷிப்ட்டும் ஏறாது. அங்கம்மா தன் மீன் விற்கும் ஆட்டோவின் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்தாள். "இது கீதுடி, வா!"

மதியம் ஆலை வாசலை அடைத்துக்கொண்டு ஜனம் உட்கார்ந்தது. காலை ஷிப்ட்டை விட்டு இறங்கியவர்களோடு, இரண்டாம் ஷிப்ட்டுக்கு வந்தவர்களும் உட்கார்ந்தார்கள். போலீஸ் வண்டி வந்து நின்றது. கலைந்து போகும்படி உத்தரவு வந்தது. யாரும் எழவில்லை.

அப்போது உள்ளே ஷிப்ட்டுக்கான சங்கு ஊதியது. காதைப் பிளந்துகொண்டு போகும் நீண்ட சங்கு. முகத்துவாரம் தாண்டிக் கேட்டிருக்கும்.

"கேட்டியாடி?" அங்கம்மா எழுந்து நின்று கத்தினாள். "வேலைக்குன்னா எப்டி ஊதுது பாரு! காலைல புள்ளைங்களுக்கு மூச்சு முட்டுனப்போ இந்தச் சங்குக்கு இன்னா வந்திச்சி?"

கூட்டம் ஒரே குரலாகச் சீறியது. சங்கு மறுபடி ஊதியது. நீலச் சட்டை ஒன்றுகூட அசையவில்லை.

ஜெயஸ்ரீ ஆட்டோவின் பின்தட்டில் ஏறி மைக்கை வாங்கினாள். குரல் உடைந்துதான் இருந்தது. ஆனாலும் அது அவள் குரல்தான் என்று சாலைக்கு அப்பால் இருந்தவர்களும் தெரிந்துகொண்டு நெருங்கி வந்தார்கள்.