ஒரு வாய் இளநீர்

வாசலை மறித்துக்கொண்டு நின்றாள் தனக்கோடி. எதிரே, சீவிய இளநீரோடு அவள் புருஷனின் அக்கா கோவிந்தம்மா.

"வழிய வுடுடி. எந்தம்பி தொண்ட வறண்டு கெடக்கறான்."

"வாணாம் அண்ணி. அவருக்கு எளநி வெஷம்னு டாக்டரு படிச்சிப் படிச்சிச் சொல்லிக்கீறாரு. நெஞ்சு நின்னுடுமாம்."

"எளநி வெஷமா? ஊருல கேட்டா சிரிப்பாங்க."

ஊர் சிரிக்கவில்லை, தனக்கோடியைப் பார்த்துக் காறித் துப்பியது. லைட்ஹவுஸ் குப்பத்தில் யார் படுத்தாலும் முதலில் வெட்டுவது இளநீர்தான். கட்டின புருஷனுக்குத் தண்ணீரைக்கூட அளந்து ஊற்றுகிறவளை வேறெப்படிப் பேசுவார்கள்?

வேலுவுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயிருந்தன; குடிக்கிற தண்ணீர்கூட வெளியேறாமல் உடம்பிலேயே தங்கிவிடும். வாரம் தவறாமல் அவனைத் தாங்கி அக்கரைக்குப் படகேற்றி, பஸ்ஸிலும் ரயிலிலுமாகப் பட்டணத்துக்குக் கொண்டுபோய், மிஷினில் அவன் ரத்தம் சுத்தமாகிற வரைக்கும் ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்துக் கிடப்பவள் தனக்கோடி ஒருத்திதான். துணைக்கு வா என்றால் கோவிந்தம்மாவுக்கு இடுப்பு வலி வந்துவிடும். ஏசுவதற்கு மட்டும் எந்த வலியும் குறுக்கே வராது.

தண்ணீர் கேட்டு அவன் கெஞ்சும்போதெல்லாம் தனக்கோடி அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டு வந்து, ஈரத்துணியால் அவன் உதட்டைத் துடைப்பாள். அதற்குமேல் பாவம், அவளால் என்ன செய்ய முடியும்?

மறுநாள் உலை வைக்க அரிசி இல்லை. அவனைத் தனியே விட மனமில்லாமலே மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். திரும்பியபோது வேலு சிரித்த முகமாய்ப் படுத்திருந்தான். கட்டிலடியில் குடித்துப் போட்ட இளநீர்க் காய்கள் உருண்டு கிடந்தன.

"திட்டாத தனம். எங்கக்காதான் குடுத்துச்சி. இன்னிக்குதான் உசுரு வந்தாமாரி கீது."

கூடையைப் போட்டுவிட்டுப் படகுக்கு ஓடினாள். வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஆட்களின் காலில் விழாத குறையாகக் கெஞ்சிக் கூட்டி வருவதற்குள் அவன் கண் செருகிவிட்டது. இனிமேல் படகு எதற்கு என்று அவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

வீடு நிறையப் பெண்கள் கூடினார்கள். மூச்சு இன்னும் இழுத்துக்கொண்டிருந்தது. கோவிந்தம்மா பால் கிண்ணத்தை நீட்டினாள்.

"நல்லா இருந்தப்போதான் தண்ணி குடுக்காம வதைச்ச. போற உசுருக்காவது ஒரு வாய் ஊத்துடி."

தனக்கோடி கிண்ணத்தைத் தொடவில்லை.

"காலைல ஊத்துனது நீதானே அண்ணி. இதையும் நீயே ஊத்து."

கோவிந்தம்மா ஊற்றினாள். பால் அவன் கடைவாயில் வழிந்தது. மூச்சு அடங்கியது.

"கூடப் பொறந்தவ பாசம் வேற யாருக்கு வரும்?" என்று மூக்கைச் சிந்தினாள் பக்கத்து வீட்டுக்காரி. "கட்டுனவ காய வுட்டா. புண்ணியவதி, இவ கையாலதான் அவன் தாகம் அடங்கிச்சி."